கென்ய உறைவிடப் பள்ளியில் தன்னார்வ ஆசிரியர்: புறப்படுவது முதல் திரும்புவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கென்யாவில் ஓர் உறைவிட உயர்நிலைப் பள்ளியில் ஒன்றிரண்டு டெர்ம் தன்னார்வமாகப் பாடம் சொல்லித்தரப் போகிறவர்களுக்காக இதை எழுதியிருக்கிறோம். கணக்கு, அறிவியல் எடுப்பவர்களை மனதில் வைத்தே எழுதியது என்றாலும் மற்றப் பாடக்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

புதிதாக வருகிறவர்கள் பாடம் நடத்தத் தெரியாமல் தடுமாறுவது அரிது. வகுப்புக்கு வெளியே உள்ள நேரத்தில்தான் சறுக்குகிறார்கள். அதுவும் பெரும்பாலும் வரிசை மாறுவதால்: கவனிக்க வேண்டிய வாரத்தில் பாடம் எடுப்பது, கேட்க வேண்டிய நேரத்தில் வாக்குக் கொடுப்பது. அதனால் கீழே உள்ளதை அதே வரிசையில் செய்யுங்கள்.

## 1. முதலில் தாள்கள்

கென்யா 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதிலாக இ.டி.ஏ. என்ற மின்னணுப் பயண அனுமதி தருகிறது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கும் அதுதான். ஆனால் அது சுற்றிப் பார்க்க, உறவினரைப் பார்க்க வருகிறவர்களுக்கானது. சம்பளம் வாங்காவிட்டாலும் பள்ளியில் தினமும் பாடம் எடுப்பது வேலைதான். "டூரிஸ்டாக வாருங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் டிக்கெட் போடாதீர்கள். நாளைக்குச் சோதனை வந்தால் மாட்டுவது நீங்கள்தான், அப்படிச் சொன்னவர் அல்ல.

வழி இரண்டு. குறுகிய காலப் பணிக்கு ஸ்பெஷல் பாஸ். நீண்ட காலத்துக்குத் தொண்டு, சமயப் பணிகளுக்கான 'ஐ' வகை அனுமதி. இரண்டையும் நடத்த உங்களை அழைக்கும் பள்ளியோ அமைப்போ முன்நிற்க வேண்டும். முதல் மின்னஞ்சலிலேயே கேளுங்கள்: எந்த அனுமதி, யார் விண்ணப்பிப்பது, கட்டணம் யாருடையது?

இன்னொன்று டி.எஸ்.சி. எனப்படும் ஆசிரியர் பணி ஆணையம். 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே பதிவு பெறாதவர் ஆசிரியராகப் பணியாற்றக் கூடாது. உங்களுக்குப் பதிவு வாங்கப் போகிறார்களா, அல்லது பதிவு பெற்ற ஆசிரியருக்கு உதவியாளராக நிற்கப் போகிறீர்களா என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். இதைப் பொறுத்து உங்கள் வேலையே மாறும். உதவியாளர் என்றால் மதிப்பெண் பதிவேட்டில் கையெழுத்து உங்களுடையதாக இருக்காது.

நம் பக்கம் எடுக்க வேண்டியது: பாஸ்போர்ட் அலுவலகம் தரும் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ், பட்டச் சான்றுகளின் சரிபார்த்த நகல்கள். குழந்தைகளோடு தங்கி வேலை செய்யும் இடத்தில் போலீஸ் சான்றிதழ் கேட்காத பள்ளி என்றால் அதையே ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

## 2. எந்த டெர்மில் போய் இறங்குவது

கென்யாவில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. மூன்று டெர்ம். முதலாவது ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை, இரண்டாவது ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை, மூன்றாவது ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை. அதையொட்டி நவம்பர் வரை கே.சி.எஸ்.இ. என்ற உயர்நிலைப் பள்ளி இறுதிப் பொதுத்தேர்வு ஓடும்.

போக ஏற்றது முதல் டெர்ம் அல்லது இரண்டாம் டெர்ம், பள்ளி திறப்பதற்கு மூன்று நான்கு நாள் முன்பு. மூன்றாம் டெர்ம் வேண்டாம். அது ஒன்பது வாரம்தான்; அதிலும் பாதி தேர்வுக்கான மறுபார்வை. பொதுத்தேர்வு நடக்கும் நாட்களில் வெளியாள் நடமாட்டத்துக்கே கட்டுப்பாடு. உங்களை என்ன செய்வதென்று தெரியாமல் நூலகத்தில் உட்கார வைத்துவிடுவார்கள்.

2026இல் ஒரு கூடுதல் குழப்பம். பழைய 8-4-4 முறை (தொடக்கப்பள்ளி எட்டு, உயர்நிலை நான்கு, பல்கலைக்கழகம் நான்கு ஆண்டு) விடைபெறுகிறது, புதிய திறன் அடிப்படைப் பாடத்திட்டம் உள்ளே வருகிறது. ஒரே பள்ளியில் கிரேடு 10 புதிய முறையிலும் ஃபார்ம் 3, ஃபார்ம் 4 (உயர்நிலையின் மூன்றாம், நான்காம் ஆண்டு) பழைய முறையிலும் படிக்கிறார்கள். பழைய முறையின் கடைசி கே.சி.எஸ்.இ. 2027இல். எந்த வகுப்பு தருவார்கள் என்று தெரியாமல் பாடத்திட்டத்தை இறக்கிப் படித்தால் பாதி வீண்.

## 3. புறப்படும் முன் ஆறு வாரம்

ஊசி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி முதல் வேலை. கென்யாவிலிருந்து இந்தியாவுக்குள் நுழைகிறவர்களிடம் அந்த மஞ்சள் அட்டையை நம் விமான நிலையத்தில் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்று செல்லும். அதன் பிறகு ஆயுள் முழுக்க செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். எல்லா நாளும் போடுவதில்லை. முன்பதிவு செய்து, அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள். முட்டை ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மலேரியா இடத்தைப் பொறுத்தது. விக்டோரியா ஏரிப் பக்கமும் கடற்கரையும் அதிகம். நைரோபியிலும் உயரமான மலைப்பகுதிகளிலும் குறைவு. பள்ளி இருக்கும் கவுன்டியின் பெயரைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டால்தான் சரியான பதில் கிடைக்கும்.

பாடம். கே.சி.எஸ்.இ. கணக்கு இரண்டு தாள், ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம், 100 மதிப்பெண். முதல் பகுதியில் 16 கேள்வி, எல்லாவற்றுக்கும் விடை எழுத வேண்டும், 50 மதிப்பெண். இரண்டாம் பகுதியில் 8 கேள்வியில் ஏதேனும் 5, தலா 10. பழைய தாள்கள் ஐந்தாறு ஆண்டுகளுக்குக் கையால் போட்டுப் பாருங்கள். மடக்கை அட்டவணையைப் பார்த்துச் செய்யும் கணக்கு அங்கே இன்னும் பாடத்தில் உண்டு. கால்குலேட்டரோடு வளர்ந்தவர்கள் கரும்பலகை முன்னால் முதன்முதலாக அட்டவணையைத் திறந்தால் மாணவர்கள் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பெட்டி. மூன்று பின் உள்ள பிரிட்டிஷ் பிளக் அங்கே. அடாப்டர் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் 240 வோல்ட்தான், நம் சார்ஜர் ஓடும். தலையில் மாட்டும் டார்ச் ஒன்று அவசியம்; நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடு, ஆண்டு முழுக்க மாலை ஆறரை, ஏழுக்குள் இருட்டிவிடும். ஸ்வெட்டர் இரண்டு. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து மெல்லிய சட்டையோடு வந்து இறங்குவது பழைய தவறு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மலைப்பகுதியில் காலை ஐந்தரை மணி ப்ரெப்புக்கு (பாடவேளைக்கு வெளியே மாணவர்கள் தாங்களே உட்கார்ந்து படிக்கும் நேரம்) நம் ஊட்டிக் குளிர்தான்.

பருப்புப்பொடி, ஊறுகாய் எடுத்துப்போகலாம், ஆனால் கேரி பேக்கில் சுற்ற வேண்டாம். 2017 ஆகஸ்ட் முதல் கென்யாவில் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை. டப்பாவும் துணிப்பையும் போதும்.

## 4. இறங்கிய முதல் இரண்டு நாள்

சிம் வாங்குங்கள், அசல் பாஸ்போர்ட் கேட்பார்கள். அதே எண்ணில் எம்-பெஸாவை, அதாவது ஃபோன் வழியாகப் பணம் அனுப்பும் கணக்கைத் திறக்கச் சொல்லுங்கள். கிராமத்துப் பெட்டிக்கடை முதல் மட்டாட்டு வேன் வரை அதில்தான் பணம் போகும். ஏடிஎம் பக்கத்து டவுனில்தான் இருக்கும், அதுவும் மாதக்கடைசியில் வரிசையாக.

பள்ளிக்குள் யாரை முதலில் பார்ப்பது என்பதில் ஒழுங்கு உண்டு. முதலில் பிரின்சிபல். பிறகு டெபுடி பிரின்சிபல். டைம்டேபிள், ஒழுக்கம், டூட்டி எல்லாம் அவர் கையில், ஆக உங்கள் அன்றாடத்துக்கு உண்மையான தலைவர் அவர்தான். மூன்றாவது உங்கள் பாடத் துறைத் தலைவர். அப்புறம் மேட்ரன் (விடுதி மாணவர்களைக் கவனிப்பவர்), பர்ஸர் (பள்ளிக் கணக்கர்), சமையல்காரர், வாட்ச்மேன். காவலரை அங்கே 'அஸ்காரி' என்பார்கள். இரவு பத்து மணிக்கு உங்களுக்குக் கேட் திறக்க வேண்டியவர் அவர், முகம் தெரிந்திருக்கட்டும்.

ஆசிரியரை 'ம்வாலிமு' என்று கூப்பிடுவார்கள். நீங்களும் சக ஆசிரியரைப் பெயருக்கு முன் அதைச் சேர்த்தே கூப்பிடுங்கள். மாணவர் முன்னால் வெறும் பெயர் சொல்வது அங்கே குறைவாகப் படும். வணக்கம் சொல்லாமல் நேரே விஷயத்துக்குப் போவதும் அப்படித்தான். "ஹபாரி" என்று நலம் கேட்டு, கை குலுக்கி, பிறகு வந்த காரியம்.

நேரம் சொல்வதில் ஒரு பொறி. சுவாஹிலியில் காலை ஏழு மணிதான் 'ஸா மோஜா', அதாவது ஒரு மணி. எட்டு மணி 'ஸா ம்பிலி', இரண்டு. சமையல்காரர் 'ஸா ம்பிலி' என்று சொன்னதைக் கேட்டு மதியம் இரண்டுக்குப் போய் நிற்காதீர்கள். ஆறு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

## 5. முதல் வாரம் பாடம் எடுக்காதீர்கள்

டெபுடி வகுப்பைத் தரத் தயாராக இருப்பார், ஆள் பற்றாக்குறை. ஆனாலும் ஐந்து நாள் அவகாசம் கேளுங்கள். அந்த ஐந்து நாளில் செய்ய வேண்டியவை:

உங்கள் பாடத்தில் இரண்டு ஆசிரியர்கள், வேறு பாடத்தில் ஒருவர்: அனுமதி கேட்டு அவர்கள் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி மாணவர்களை முடிக்க வைக்கும் வழக்கத்தைப் பார்ப்பீர்கள். "ஆர் வி டுகெதர்?" என்று கேட்டால் ஐம்பது குரலும் ஒன்றாக "யெஸ்" என்னும். புதியவர்கள் இந்த "யெஸ்"ஸை நம்பி அடுத்த பாடத்துக்குத் தாவுகிறார்கள். அது 'கேட்டுக்கொண்டிருக்கிறோம்' என்பதற்கான சத்தம், 'புரிந்தது' என்பதற்கானது அல்ல.

ஸ்கீம் ஆஃப் வொர்க், ரெக்கார்ட் ஆஃப் வொர்க், மதிப்பெண் பதிவேடு, வகுப்பு வருகைப் பதிவேடு ஆகிய நான்கின் நகலையும் துறைத் தலைவரிடம் வாங்கி, முந்தைய ஆசிரியர் எங்கே நிறுத்தினார் என்று பாருங்கள். ஸ்கீம் என்பது வாரம், பாடவேளை, தலைப்பு, நோக்கம், செயல்பாடு, பார்வை நூல், குறிப்பு என்று கட்டம் போட்ட டெர்ம் திட்டம். ரெக்கார்ட் என்பது உண்மையில் நடத்தி முடித்ததன் பதிவு. இரண்டும் ஒத்துப்போகாது. ரெக்கார்டை நம்புங்கள், அதையும் மாணவர் நோட்டோடு ஒப்பிட்டு நம்புங்கள்.

கடைசியாக, பள்ளி வளாகத்தை ஒருமுறை பகலிலும் ஒருமுறை இருட்டிலும் நடந்து பாருங்கள். சிக்-பே (உடம்பு சரியில்லாத மாணவர்கள் படுக்கும் அறை) எங்கே, தண்ணீர்த் தொட்டி எங்கே, மின்சார மெயின் எங்கே, கூடும் மைதானம் எங்கே.

## 6. ஒரு நாள் எப்படி ஓடும்

பள்ளிக்குப் பள்ளி கால் மணி முன்பின் இருக்கும். தோராயமாக இப்படி:

5.00 எழுப்பும் மணி. 5.30 முதல் 6.30 வரை காலை ப்ரெப். பிறகு 'உஜி' என்ற கஞ்சி அல்லது டீயும் ரொட்டியும். 7.15க்குத் துப்புரவு. திங்களும் வெள்ளியும் கொடியேற்றத்தோடு பரேட். 8.00க்கு முதல் பாடவேளை. நாற்பது நிமிடம் வீதம் 12.40 வரை ஆறு, நடுவில் பத்து நிமிடச் சிறு இடைவேளை ஒன்று, 10.50க்கு அரை மணி டீ இடைவேளை. 2.00 முதல் 4.00 வரை மூன்று. பிறகு விளையாட்டு, குளியல், துணி துவைப்பு. 6.00க்கு இரவு உணவு. 7.00 முதல் 9.30 வரை இரவு ப்ரெப். 10.00க்கு விளக்கணைப்பு.

இதில் உங்கள் பாடவேளை நான்கோ ஐந்தோ இருக்கும். மிச்ச நேரத்தில் ஸ்டாஃப் ரூமில் உட்காருங்கள், அறைக்குப் போகாதீர்கள். டைம்டேபிள் மாற்றம், பரேட் தள்ளிவைப்பு, திடீர் ஸ்டாஃப் மீட்டிங் எல்லாம் அந்த டீ இடைவேளையில் வாய்வழியாகவே வரும். அறையில் இருந்தவருக்கு யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். தவிர, அங்கத்திய சாயா நம் டீ மாதிரியே பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதித்தது. மந்தாஸி என்ற எண்ணெயில் பொரித்த பன் கிடைத்தால் இன்னும் நல்லது.

## 7. நாற்பது நிமிடம்

ஐம்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். புத்தகம் இரண்டு மூன்று பேருக்கு ஒன்று. புரொஜெக்டர் பற்றி நினைக்காதீர்கள். இருந்தாலும் மின்சாரம் நம்ப முடியாது.

கரும்பலகையை மூன்று பத்தியாகக் கோடிடுங்கள். இடது பத்தியில் தேதி, தலைப்பு, இன்றைய சூத்திரம். இதைப் பாடம் முடியும்வரை அழிக்கக் கூடாது. நடுவில் செய்துகாட்டும் கணக்கு. வலதில் மாணவர் வந்து போடுவது. காரணம்: அவர்களில் பலருக்கு நோட்டுதான் பாடப்புத்தகம். நீங்கள் அழித்தது அவர்களுக்கு இல்லாமலே போய்விடும். ஈரத் துணியால் துடைத்தால் காயும்வரை சாக்பீஸ் எழுதாது. முதல் பாடவேளைக்கு முன் துடைக்கச் சொல்லுங்கள், நடுவில் காய்ந்த டஸ்டர்.

நேரப் பங்கீடு: 5 நிமிடம் நேற்றைய ஒரு கணக்கு, 12 நிமிடம் புதியது, 15 நிமிடம் அவர்கள் செய்ய நீங்கள் பெஞ்சுகளுக்கு நடுவே நடப்பது, கடைசி 8 நிமிடம் கிழிந்த அரைத்தாளில் இரண்டு கணக்கு போட்டுத் தரச் சொல்வது. அந்த அரைத்தாள்தான் "யெஸ்"ஸுக்கு மாற்று. ஸ்டாஃப் ரூமில் ஐந்து நிமிடம் புரட்டினாலே போதும், நாளைக்கு எங்கே தொடங்குவதென்று தெரிந்துவிடும்.

இனி நம் ஊர் ஆசிரியர்கள் மட்டும் செய்யும் பிழைகள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பெருக்கலுக்கு நாம் 'இன்டு' என்போம். பலகையில் 2 × 6 எழுதி "டூ இன்டு சிக்ஸ்" என்று சொன்னால் அங்கே காதில் விழுவது 'ஆறை இரண்டால் வகு'. பலகையில் பன்னிரண்டு, காதில் மூன்று. முன்வரிசை பலகையைப் பார்த்து எழுதும், பின்வரிசை காதில் கேட்டதை எழுதும், அரைத்தாளில் பாதிப்பேர் விடை 3 என்று வரும். ஏனென்று உங்களுக்கு விளங்காது. 'டைம்ஸ்' அல்லது 'மல்டிப்ளைட் பை' என்று நாக்கைப் பழக்குங்கள். விமானம் ஏறும் முன்பே பழக்குங்கள்.

லட்சம், கோடி அங்கே கிடையாது. காற்புள்ளியும் மாறும்: 1,00,000 என்று எழுதினால் பிழை என்று நினைப்பார்கள், 100,000 என்று எழுதுங்கள்.

தலையை இருபுறமும் ஆட்டி 'சரி' சொல்வது அவர்களுக்கு 'இல்லை' போலத் தெரியும். பலகையில் சரியாகச் செய்துகொண்டிருக்கும் பையன் உங்கள் தலையாட்டலைப் பார்த்து விடையை அழித்துவிடுவான். வாயால் 'கரெக்ட்' என்று சொல்லுங்கள்.

வேகம் நம் பொதுவான குறை. முதல் இரண்டு வாரம், ஒவ்வொரு புதிய சொல்லையும் பலகையில் எழுதிவிட்டே சொல்லுங்கள். உங்கள் உச்சரிப்பு அவர்களுக்குப் புதிது, அவர்களுடையது உங்களுக்குப் புதிது. தாய்மொழிச் சாயலில் 'ர'வும் 'ல'வும் இடம் மாறுவதைக் கேட்பீர்கள். அதைத் திரும்பச் சொல்லிச் சிரிக்காதீர்கள். அங்கே அது பெரிய கிண்டல். அந்த மாணவர் அப்புறம் வாயே திறக்க மாட்டார்.

## 8. திருத்துவதும் இரவு ப்ரெப்பும்

ஐம்பது நோட்டு, நோட்டுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் நூறு நிமிடம். மூன்று வகுப்பு இருந்தால் ஐந்து மணி நேரம். தினமும் எல்லாவற்றையும் திருத்துவேன் என்று தொடங்குகிறவர்கள் இரண்டாவது வாரத்தில் நோட்டுக்கட்டுகளை அறையில் அடுக்கி வைத்துவிட்டுத் திணறுவார்கள். நோட்டு உங்களிடம் இருக்கும் இரவில் அந்த மாணவர் ப்ரெப்பில் படிக்க ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருப்பார்.

எனவே ஒரு நாளைக்கு ஒரு வகுப்பு. காலை டீ இடைவேளையில் வாங்கி, மாலை நான்கு மணிக்குள் திருப்பிக் கொடுங்கள். வாங்கும்போதும் கொடுக்கும்போதும் வகுப்புத் தலைவர் எண்ணிச் சொல்லட்டும். 'ம்வாலிமு நோட்டைத் தொலைத்துவிட்டார்' என்ற வழக்கு அப்போது வராது.

இரவு ப்ரெப் பாடம் நடத்தும் நேரம் அல்ல. சந்தேகம் கேட்டு வருகிறவர்களுக்கு ஜன்னலும் கதவும் திறந்த வகுப்பறையில், மூன்று பேராவது சேர்ந்து வந்தால் சொல்லிக்கொடுங்கள். தனியாக ஒருவருக்கு, உங்கள் அறையில், ஒருபோதும் வேண்டாம்.

## 9. டூட்டி வாரம்

டீச்சர் ஆன் டூட்டி என்பதை 'டி.ஓ.டி.' என்பார்கள். வாரம் முழுக்க எழுப்புவதிலிருந்து விளக்கணைப்பு வரை பொறுப்பு. தன்னார்வலராக நீங்கள் தனியாக இதை ஏற்கக் கூடாது. நிரந்தர ஆசிரியர் ஒருவரோடு இரண்டாவது ஆளாக மட்டும். ஏதாவது நடந்தால் பெற்றோருக்கும் காவல்துறைக்கும் பதில் சொல்லும் சட்டப்பொறுப்பு உங்களிடம் இருக்க முடியாது.

செய்யும் வரிசை முக்கியம். முதலில் எண்ணிக்கை, பிறகுதான் மற்றவை. காலை ப்ரெப்பில், இரவு ப்ரெப்பில், படுக்கும் முன் என்று மூன்று முறை. ஒரு தலை குறைந்தால் சிக்-பே, லீவ்-அவுட் (வெளியே போக அனுமதி) சீட்டுப் பதிவு, அஸ்காரியின் கேட் நோட்டு மூன்றையும் பாருங்கள். மூன்றிலும் இல்லை என்றால் அந்த நிமிடமே டெபுடியை எழுப்புங்கள். காலையில் சொல்லலாம் என்று விடாதீர்கள்.

டூட்டி புத்தகத்தில் கருத்து எழுத வேண்டாம். எண்ணும் நேரமும் எழுதுங்கள். இப்படி: "இரவு 9.50. மூன்றாம் விடுதி. பட்டியல் 62, இருப்பு 61. ஒருவர் சிக்-பேயில், மேட்ரன் உறுதி செய்தார். பின்கதவு உள்ளிருந்து திறக்கிறது, பார்த்தேன்."

அந்தக் கடைசி வரி சும்மா இல்லை. 2001 மார்ச்சில் மச்சாகோஸ் பகுதியின் கியாங்குலியில் விடுதித் தீயில் 67 மாணவர்கள் இறந்தார்கள். ஒரு கதவு பூட்டியிருந்தது, ஜன்னல்களில் கம்பி. 2024 செப்டம்பரில் நியேரியில் இன்னொரு விடுதித் தீயில் 21 சிறுவர்கள். கென்யக் கல்வி அமைச்சகத்தின் 2008ஆம் ஆண்டுப் பாதுகாப்புக் கையேடு சொல்வது தெளிவு: விடுதியின் இரு முனையிலும் கதவு, நடுவில் அவசர வழி, கதவுகள் ஐந்தடி அகலத்தில் வெளிப்புறம் திறக்க வேண்டும், ஜன்னலுக்குக் கம்பி கூடாது, கட்டில்களுக்கு நடுவே 1.2 மீட்டர். உங்கள் பள்ளி விடுதியில் இரவில் வெளியே பூட்டு தொங்கினால் அதே இரவு டெபுடியிடம் சொல்லி, புத்தகத்திலும் எழுதுங்கள். விருந்தாளி எதற்கு இதில் தலையிட வேண்டும் என்ற தயக்கம் வரும். இந்த ஒரு விஷயத்தில் தயங்காதீர்கள்.

விடுதிக்குள் எதிர்பாலர் நுழைவதில்லை. தம் பாலர் விடுதியென்றாலும் மேட்ரனோ, மாணவர் தலைவரோ கூட இல்லாமல் நுழையாதீர்கள்.

## 10. எதைச் செய்யக் கூடாது, ஏன்

ஃபோன். மாணவர் கையில் ஃபோன் இருக்கக் கூடாது என்பது விதி. "அம்மாவிடம் ஒரு நிமிடம் பேச வேண்டும்" என்று உங்களிடம்தான் வருவார்கள், ஏனென்றால் புதியவர் மறுக்க மாட்டார் என்று தெரியும். ஒருவருக்குக் கொடுத்தால் மறுநாள் பதினைந்து பேர். மேட்ரனிடம் அழைத்துப்போங்கள், வீட்டுக்குப் பேச அவரிடம் ஒரு வழி இருக்கும்.

பணம். கட்டணம் கட்டாததால் வீட்டுக்கு அனுப்பப்படும் மாணவரைப் பார்ப்பீர்கள். மனது கேட்காது. கொடுப்பதென்றால் பர்ஸர் அலுவலகத்தில், மாணவருக்குத் தெரியாமல், ரசீதோடு கட்டுங்கள். கையில் கொடுத்தால் வகுப்பில் யாருக்கு நீங்கள் வேண்டியவர் என்ற கணக்கு தொடங்கிவிடும். "உன்னை இந்தியாவில் படிக்க வைக்கிறேன்" போன்ற வாக்கு விளையாட்டுக்குக்கூட வேண்டாம். நீங்கள் மறந்துவிடுவீர்கள், அந்தப் பிள்ளை நாள் எண்ணும்.

அடி. 2013ஆம் ஆண்டு அடிப்படைக் கல்விச் சட்டம் உடல் தண்டனையைத் தடை செய்கிறது. ஆனாலும் பிரம்பு சில இடங்களில் இன்னும் மேசைக்கடியில் இருக்கிறது. நீங்கள் அடிக்க மாட்டீர்கள், சரி. சேட்டை செய்தவன் பெயரை எழுதி, அடிக்கிறவரிடம் கொடுப்பதும் அடிதான். உங்கள் வகுப்புச் சிக்கலை நீங்களே தீர்க்க வழி வைத்துக்கொள்ளுங்கள்: இடம் மாற்றுவது, இடைவேளையில் ஐந்து நிமிடம் நிறுத்திவைப்பது, அடுத்த பாடத்துக்குப் பலகை துடைக்கும் வேலை. சக ஆசிரியர் அடிப்பதைக் கண்டால் மாணவர் முன்னால் சண்டை போடாமல், அன்றே டெபுடியிடம் போங்கள்.

ரகசியம். "யாரிடமும் சொல்லாதீர்கள் சார்" என்று தொடங்கினால் உடனே நிறுத்தி, உனக்கு ஆபத்து என்றால் நான் சொல்லியே ஆக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு கேளுங்கள். கேள்வி அடுக்காமல், அவர் சொன்ன சொற்களிலேயே குறித்து, பள்ளியின் வழிகாட்டு ஆலோசகரிடம் கொடுங்கள். பள்ளிக்குள் நம்ப ஆளில்லை என்று தெரிந்தால் கென்யாவின் இலவசக் குழந்தை உதவி எண் 116.

படம். மாணவர் முகம் தெரியும் படத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். பள்ளி எழுத்தில் அனுமதி தந்தாலும் விடுதி, சாப்பாட்டு வரிசை, கிழிந்த சீருடைப் படங்கள் வேண்டாம். உங்கள் பிள்ளையை யாரோ அப்படி எடுத்துப் போட்டால் எப்படி இருக்கும் என்று பார்த்தால் போதும்.

## 11. சாப்பாடு, துணி, உடம்பு

பள்ளிச் சமையலில் உகாலியும் சுகுமா விக்கி கீரையும், கித்தேரியும் மாறிமாறி வரும். உகாலி வெள்ளை மக்காச்சோள மாவுக் களி. நம் களி சாப்பிட்டவர்களுக்குப் பழக இரண்டு நாள், கையால்தான் சாப்பிடுவது. கித்தேரி என்றால் மக்காச்சோளமும் பீன்ஸும் வேகவைத்தது. 'ந்தெங்கு' என்று கேட்டால் பயந்துவிடாதீர்கள், நம் பச்சைப்பயறுதான். சைவர்கள் இவற்றை வைத்தே டெர்மை ஓட்டிவிடலாம். எந்தக் கொழுப்பில் தாளிக்கிறார்கள் என்று மட்டும் சமையல்காரரிடம் கேளுங்கள். மாதம் ஒருமுறை நைரோபி போனால் பார்க்லாண்ட்ஸ் பக்கம் இந்திய மளிகை எல்லாம் கிடைக்கும்.

தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். துணி கையால் துவைப்பது, வெயில் உள்ள சனிக்கிழமைதான் வாய்ப்பு. மார்ச் முதல் மே வரை பெருமழை. செம்மண் சாலை சேறாகிவிடும், கம்பூட் அங்கேயே சந்தையில் வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தால் ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுக்காமல் அன்றே மலேரியா பரிசோதனை செய்யுங்கள். ஊர் திரும்பிய பிறகு வரும் காய்ச்சலுக்கும் இதுவே. மருத்துவரிடம் கென்யாவில் இருந்ததைச் சொல்லுங்கள்.

## 12. கிளம்பும் முன் இரண்டு வாரம்

புதிய பாடத்தலைப்பைத் தொடங்காதீர்கள். பாதியில் விட்ட தலைப்பை அடுத்து வருகிறவர் மறுபடி முதலிலிருந்து எடுப்பார், அல்லது எடுக்கவே மாட்டார். இந்த இரண்டு வாரம் மறுபார்வைக்கு.

ரெக்கார்ட் ஆஃப் வொர்க்கை அன்றைய தேதி வரை முடித்து, மதிப்பெண் பட்டியலோடு துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். கூடவே ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு: எந்தத் தலைப்பு எந்த வகுப்புக்குப் புரியவில்லை, யாருக்குப் பலகை சரியாகத் தெரிவதில்லை, எந்த நான்கு பேரை முன்வரிசையில் வைத்திருந்தீர்கள். அடுத்தவர் அதைத்தான் முதலில் தேடுவார்.

மாணவர்களுக்கு உங்கள் சொந்த எண்ணைக் கொடுக்க வேண்டாம். கடிதம் பள்ளி முகவரி வழியாக வரட்டும். கிளம்பும் நாளை ஒரு வாரம் முன்பே வகுப்பில் சொல்லிவிடுங்கள். காலையில் வந்து பார்த்தால் ஆள் இல்லை என்பது, வீட்டை விட்டு விடுதியில் இருக்கும் பிள்ளைகளுக்கு ரொம்பக் கஷ்டம்.

எம்-பெஸாவில் மிச்சமிருப்பதை எடுத்துவிடுங்கள். மஞ்சள் காய்ச்சல் அட்டையைப் பெரிய பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். சென்னையில் சுகாதாரத்துறை மேசை, பெட்டி வரும் பெல்ட்டுக்கு முன்னாலேயே இருக்கிறது.